நகல் நிலையிலேயே கேட்கப்பட வேண்டிய கேள்விகள்: வீடமைப்புத் திட்டங்களும் உள்ளூராட்சி சபைகளும்

உள்ளூராட்சி சபைகளின் மாதாந்தக் கூட்டங்களில் நீண்ட நேரம் பேசப்படுபவை பெரும்பாலும் வீதி விளக்கு, வடிகான், குப்பை அகற்றல், சந்தைக் கடைகளின் குத்தகை ஆகியனவே. மக்களின் அன்றாட வாழ்வோடு தொடர்புடையவை என்பதால் இவை பேசப்பட வேண்டியவையே. ஆனால் எப்போதாவது ஒருமுறை, வரைபடங்களும் வண்ணக் கோடுகளும் நிறைந்த தடித்த ஆவணமொன்றும் அதே மேசைக்கு வந்து சேர்கிறது. அடுத்த பத்தாண்டுகளுக்கோ அதற்கும் மேலாகவோ எங்கே வீடு கட்டலாம், எங்கே கட்டலாகாது, எந்த வீதி எவ்வளவு அகலப்படும், எந்தக் காணி வர்த்தகத்துக்கு, எது வயலாகவே இருக்கும் என்பவற்றை அந்த ஆவணமே தீர்மானிக்கப் போகிறது. அபிவிருத்தித் திட்டத்தின் நகல் என்று அழைக்கப்படும் அந்த ஆவணம், நிகழ்ச்சி நிரலின் கடைசி விடயமாக, களைத்துப்போன சபையில் சில நிமிடங்களில் அங்கீகரிக்கப்படுமாயின், அதன் விளைவை அனுபவிக்கப் போவது அச்சபையின் எல்லைக்குள் வாழும் ஒவ்வொரு குடும்பமுமாகும்.

இது பற்றிப் பேசுவதற்கு இக்காலம் பொருத்தமானது. 2018 பெப்ரவரியில் தெரிவு செய்யப்பட்ட சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச் 19 இல் முடிவடைந்தது. அதன் பின்னர் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக ஆணையாளர்களும் செயலாளர்களுமே அவற்றை நிர்வகித்தனர். 2025 மே 6 இல் 339 சபைகளுக்குத் தேர்தல் நடைபெற்று, ஜூன் 2 முதல் புதிய உறுப்பினர்கள் கடமையேற்றனர். தமிழரும் முஸ்லிம்களும் செறிந்து வாழும் கல்முனை மாநகர சபைக்கு, நீதிமன்ற வழக்கு காரணமாக, அத்தேர்தல் நடைபெறவில்லை. மக்கள் பிரதிநிதிகள் இல்லாத காலத்திலும் திட்டங்கள் தயாரிக்கப்படுவது நின்றுவிடுவதில்லை. ஆகவே சபைக்கு மீண்டிருக்கும் உறுப்பினர்கள், தங்கள் முன் வைக்கப்படும் நகல்களை எவ்வாறு வாசிப்பது, எதனைக் கேட்பது என்பதில் தெளிவு பெறுவது அவசியமாகின்றது.

சட்டம் தரும் இடம்

இலங்கையில் குடியிருப்பைத் திட்டமிடும் சட்டங்களுக்கு ஒரு நூற்றாண்டு கால வரலாறு உண்டு. 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் உள்ளூர் அதிகாரிகளிடம் கட்டட அனுமதி, வீதிக்கோடு ஆகியவற்றை ஒப்படைத்தது. 1921 இல் கொழும்பு நகர் பற்றி அறிக்கை தயாரித்த ஸ்கொட்லாந்து அறிஞர் பற்றிக் கெடிஸ், திட்டத்துக்கு முன்னர் ஆய்வு என்ற கோட்பாட்டை வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தியவர். நோயை அறியாமல் மருந்து கொடுப்பது எப்படித் தவறோ, ஒழுங்கைகளில் நடந்து பார்க்காமல் நகரைத் திருத்தப் புறப்படுவதும் அப்படியே தவறு என்பது அவரது நிலைப்பாடு. 1946 இல் நகர, கிராமத் திட்டமிடல் கட்டளைச் சட்டம் வந்தது.

1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் நிலைமையைப் பெரிதும் மாற்றியது. ஒரு பிரதேசத்தை அமைச்சர் வர்த்தமானி மூலம் நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தியதும், அங்கு திட்டமிடும் அதிகாரம் கொழும்பிலுள்ள அதிகார சபைக்குச் செல்கிறது. அப்பிரதேசங்களுக்கு அபிவிருத்தித் திட்டம் தயாரிக்கும் கடமையை 1982 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதிகார சபையின் மீது சுமத்தியது. நகல் தயாரிக்கப்பட்டு, உள்ளூராட்சி சபையினதும் பொதுமக்களினதும் அவதானிப்புகள் பெறப்பட்டு, அமைச்சரின் அங்கீகாரத்துடன் வர்த்தமானியில் அறிவிக்கப்படும் என்பதே இதன் ஒழுங்கு. அதன் பின்னர் அனுமதிப்பத்திரமின்றி அப்பிரதேசத்தில் எந்த அபிவிருத்தி வேலையையும் செய்ய முடியாது.

இங்கு சாதாரண உறுப்பினர்கள் கவனிக்கத் தவறும் ஒரு நுட்பம் உள்ளது. தனித்தனி வீடுகளுக்கான அனுமதி விண்ணப்பங்கள் உள்ளூராட்சி சபையின் அலுவலகத்திலேயே, கையளிக்கப்பட்ட அதிகாரத்தின் கீழ், பரிசீலிக்கப்படுகின்றன. இதனால் கட்டட விடயத்தில் முடிவெடுப்பது தாங்களே என்ற எண்ணம் சபைக்கு ஏற்படுகிறது. ஆனால் விண்ணப்பம் மேசைக்கு வரும்போது விதி ஏற்கனவே எழுதப்பட்டுவிட்டது. வலயம் குறிக்கப்பட்டுவிட்டது. அந்த வேளையில் தவிசாளரோ செயலாளரோ விரும்பினாலும் ஒரு குடும்பத்துக்கு விலக்களிப்பது எளிதன்று. நகல் நிலையில் பென்சிலால் திருத்தக்கூடிய ஒரு கோட்டை, வர்த்தமானியில் வெளிவந்த பின்னர் திருத்துவதற்கு அமைச்சையோ நீதிமன்றத்தையோ நாட வேண்டியிருக்கும்.

கரையோரம் கற்பித்த பாடம்

உள்ளூர் அறிவின்றி வரையப்பட்ட கோடு எத்தகைய விளைவைத் தரும் என்பதை வடக்கு, கிழக்கு மக்கள் நேரில் கண்டவர்கள். 2004 டிசெம்பர் 26 கடற்கோளின் பின்னர், கரையிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் தூரத்துக்கு வீடுகளை மீளக் கட்டக்கூடாது என்ற இடைவெளி வலயம் அறிவிக்கப்பட்டது. உயிர்களைக் காப்பது என்ற அதன் நோக்கத்தை எவரும் குறைகூற முடியாது. எனினும் அது கொழும்பில் எடுக்கப்பட்ட முடிவாகவே வந்தது. நிலத்தின் உயரம், கரையின் அமைப்பு, குடியிருப்பின் பின்னால் உள்ள நிலம் ஆகியன இடத்துக்கு இடம் வேறுபடுவதை அந்த ஒற்றை அளவு கணக்கில் எடுக்கவில்லை.

மருதமுனை, சாய்ந்தமருது போன்ற ஊர்களைப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். கிழக்கே கடல், மேற்கே வயல், இடையில் ஒடுங்கிய ஒரு மணற்பரப்பு. அதில்தான் வீடு, பள்ளிவாசல், பாடசாலை, சந்தை எல்லாம் நெருங்கியிருக்கின்றன. அதில் 200 மீற்றரை அளந்து ஒதுக்கினால் எஞ்சுவது எவ்வளவு? வெளியேறுவோர் செல்வதற்கு வயலைத் தவிர வேறு நிலமில்லை. வயலை நிரப்புவதற்கோ 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். நிரப்பினாலும் மாரி வெள்ளம் எங்கே வடியும் என்ற கேள்வி எழும். ஊரின் விவசாயிக்கும் மீனவருக்கும் தெரிந்த இந்த எளிய உண்மை, முடிவு எடுக்கப்பட்ட மேசையை எட்டவில்லை.

ஓராண்டு கடந்து, மக்கள் தற்காலிகக் கொட்டில்களில் வாழ்ந்துகொண்டிருந்தபோதே, அந்தத் தூரம் தளர்த்தப்பட்டது. இடத்துக்கேற்ப வேறுபடும் அளவுகளைக் கொண்ட பழைய கரையோர முகாமைத்துவ ஒழுங்குகளின் அடிப்படைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. மருதமுனையில் ஒரு குடியிருப்பு இன்றும் மக்கள் வாயில் '65 மீற்றர் வீட்டுத் திட்டம்' என்றே வழங்கி வருகிறது. ஒரு திட்டமிடல் அளவு ஊர்ப் பெயராகவே மாறிவிட்டது. தொடக்கத்திலேயே உள்ளூர்ச் சபைகளிடமும் மக்களிடமும் கேட்டிருந்தால் அந்த ஓராண்டு வீணாகியிராது.

யாருக்கு என்ற கேள்வி

அம்பாறை மாவட்டத்தின் அக்கரைப்பற்றில், நுரைச்சோலை என்ற இடத்தில் சவூதி அரேபியாவின் உதவியுடன் 500 வீடுகள் கட்டப்பட்டன. கட்டப்பட்டவை வெறும் சுவர்கள் அல்ல. வைத்தியசாலை, பாடசாலை, பள்ளிவாசல் முதலிய வசதிகளும் அத்திட்டத்தில் அடங்கின. ஆனால் அவை யாருக்கு வழங்கப்பட வேண்டும், எந்த அடிப்படையில் வழங்கப்பட வேண்டும் என்ற பிணக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. இன விகிதாசாரத்தைக் கருத்திற்கொண்டு பகிரப்பட வேண்டும் என்ற வகையில் 2009 இல் தீர்ப்பு வந்தது. அதன் பின்னரும் பத்தாண்டுகளுக்கு மேலாக அவ்வீடுகள் பயன்படுத்தப்படாது புதர் மண்டிக் கிடந்தன. கடலால் வீடிழந்தவர்கள் அதே மாவட்டத்தில் வேறிடங்களில் அவதிப்பட்டனர்.

இதில் எந்தச் சமூகம் சரி, எது பிழை என்று தீர்ப்பளிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. பயனாளிகளைத் தெரிவு செய்யும் முறை, அடிக்கல் நாட்டுவதற்கு முன்னர், எல்லாச் சமூகங்களின் பிரதிநிதிகளும் அமர்ந்திருக்கும் சபையில் பகிரங்கமாகப் பேசித் தீர்க்கப்பட்டிருக்க வேண்டும் என்பதே இங்கு சொல்லப்படுகிறது. கட்டிய வீடு மீது எழும் சர்ச்சையை விட, காகிதத்தின் மீது எழும் சர்ச்சை எவ்வளவோ மேலானது.

அளவுகளும் வாழ்க்கை முறையும்

நகலில் உள்ள எண்கள் வறட்சியானவை போலத் தோன்றினாலும் அவற்றின் பின்னால் குடும்பங்கள் உள்ளன. 1986 ஆம் ஆண்டின் திட்டமிடல், கட்டட ஒழுங்குவிதிகள் ஒரு காணித்துண்டின் குறைந்தபட்ச அளவாக 150 சதுர மீற்றரை, அதாவது ஏறத்தாழ 6 பேர்ச்சஸை, நிர்ணயித்தன. புதிதாகப் பிரிக்கப்படும் ஒரு வெற்றுக் காணிக்கு இது நியாயமான அளவே. ஆனால் கிழக்கில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் பொதுவாக நிலவும் வழக்கம் வேறு. தாயின் வளவு பெண்மக்களுக்குச் சீதனமாகப் பிரிகிறது. மூத்தவளுக்கு வீடு, அடுத்தவளுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு, இளையவளுக்குப் பின்வளவு. 12 பேர்ச்சஸ் காணியில் மூன்று மகள்மார் இருந்தால் ஒருவருக்கு 4 பேர்ச்சஸ்தான் வரும். காத்தான்குடி போன்ற சன நெருக்கடி மிக்க நகரங்களில் அதனிலும் குறைவான துண்டுகளில் வீடுகள் எழுந்துள்ளன.

ஒரு வளவை ஒரு வீடு என்று கணக்கிடும் திட்டம், அங்கு வாழும் மூன்று குடும்பங்களில் இரண்டைக் காணாமற் செய்துவிடுகிறது. சீதனமாகப் பெண்ணின் பெயரில் இருந்த வீடு கடலோடு போன பின்னர், மீள்குடியேற்ற வீட்டின் பத்திரம் குடும்பத் தலைவர் என்ற வகையில் கணவனின் பெயருக்கு எழுதப்பட்ட சந்தர்ப்பங்கள் கிழக்கில் பல. சட்டத் திருத்தத்தின் மூலம் உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 சதவீத இடம் ஒதுக்கப்பட்டிருப்பதன் பயன் இவ்வாறான இடங்களில்தான் வெளிப்பட வேண்டும். உறுதி யார் பெயரில், தண்ணீர்க் குழாய் எங்கே, பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்லும் தூரம் எவ்வளவு என்பவற்றை அவர்களை விட நன்கறிந்தவர் யார்?

கொழும்பும் மலையகமும்

தலைநகரில் பிரச்சினை வேறு வடிவம் கொள்கிறது. கொழும்பு மாநகரின் சனத்தொகையில் பாதிக்கும் மேற்பட்டோர் தமிழரும் முஸ்லிம்களுமாவர். தோட்டங்கள் என்று வழங்கப்படும் நெருக்கமான குடியிருப்புகளில் 68,812 குடும்பங்கள் வாழ்வதாக நகர அபிவிருத்தி அதிகார சபை கணக்கிட்டது. நகரின் நிலப்பரப்பில் இக்குடியிருப்புகள் பிடித்திருப்பது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே. ஆயினும் 2010 க்குப் பின் வந்த புத்துயிரூட்டல் திட்டத்தின் மொழியில் அந்த நிலம் விடுவிக்கப்பட வேண்டிய பெறுமதிமிக்க காணியாகவே பார்க்கப்பட்டது. 2010 மே மாதம் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டதை அங்குள்ளோர் மறந்திருக்க மாட்டார்கள். மாடிவீடுகளுக்கு மாற்றப்பட்டவர்களுள் நல்ல கழிப்பறையும் உறுதியான கூரையும் கிடைத்ததென்று மகிழ்ந்தோரும் உண்டு. வீட்டு வாசலில் இடியப்பம் விற்றும், தள்ளுவண்டி நிறுத்தியும் பிழைத்தவர்கள் பன்னிரண்டாவது மாடியில் தொழிலிழந்து நின்றதும் உண்டு. திட்ட நகலில் வீடுகளின் எண்ணிக்கை இருக்கும். வீட்டோடு இணைந்த வருமானம் இருக்காது. அதைச் சொல்ல வேண்டியவர் அந்த வட்டாரத்தின் உறுப்பினரே.

மலையகத்திலோ நீண்ட காலமாகச் சபைக்கே இடமிருக்கவில்லை. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. லயங்களில் வாழ்ந்தோர் வாக்களிக்கலாம்; ஆனால் தாம் தெரிவு செய்த சபையிடம் ஒரு பாதையைக்கூடக் கேட்க முடியாது. 2018 இல் அப்பிரிவு திருத்தப்பட்டது. ஏழு பேர்ச்சஸ் காணியில் தனிவீடு என்ற கோரிக்கை நடைமுறைக்கு வரும் இக்காலத்தில், வீடு எங்கே அமைகிறது என்பதே உயிர்ப் பிரச்சினை. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 இல் மண்சரிவு லயங்களைப் புதைத்தபோது, அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தமை தெரியவந்தது. எச்சரிக்கை கோப்பில் இருந்தது. மாற்றுக் காணி இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தில் ஏற்படுத்திய மண்சரிவுகள் அதே பாடத்தை மீண்டும் கற்பித்தன.

சபை கேட்க வேண்டியவை

இவற்றிலிருந்து ஒரு சபை நகலின் முன் எழுப்ப வேண்டிய கேள்விகளைத் தொகுத்துக் கூறலாம். முதலாவது, எண்ணிக்கை. திட்டம் எந்த ஆண்டின் குடிசன மதிப்பீட்டை அடிப்படையாகக் கொண்டது? இடம்பெயர்ந்து திரும்பியோரும் வாடகைக்கு இருப்போரும் அதில் அடங்குவார்களா? இரண்டாவது, நீர். நிரப்பப்படும் நிலத்திலிருந்து மாரி வெள்ளம் எந்த வாய்க்கால் வழியாக எங்கே செல்லும்? மூன்றாவது, வீதிக்கோடு. அது எத்தனை வீடுகளை, கடைகளை, கோயில்களை, பள்ளிவாசல்களை, மையவாடிகளை, சேமக்காலைகளைத் தொடுகிறது? நான்காவது, வெளியேற்றப்படுவோர். அவர்கள் எங்கே, எப்போது, எந்த உரித்துடன் குடியமர்த்தப்படுவார்கள்? ஐந்தாவது, செலவு. கட்டி முடித்தபின் நீர், கழிவு, வீதிப் பராமரிப்பு ஆகியவற்றின் சுமை சபையின் வரிப்பணத்தின் மீதா விழும்? ஆறாவது, மொழி. நகல் தமிழில் கிடைக்கிறதா? வடக்கு, கிழக்கில் தமிழ் நிருவாக மொழி என அரசியலமைப்பு கூறுகிறது. வாசிக்க முடியாத ஒன்றுக்கு இணக்கம் தெரிவிப்பது இணக்கமாகாது.

இக்கேள்விகளைக் கேட்பதற்குப் புதிய அதிகாரம் எதுவும் தேவையில்லை. பிரதேச சபைகள் சட்டத்தின் 12 ஆம் பிரிவின் கீழ் அமைக்கப்பட வேண்டிய குழுக்களுள் வீடமைப்பு, சமூக அபிவிருத்திக் குழுவும் ஒன்று. அதில் சபைக்கு வெளியே உள்ள பிரதேசவாசிகளையும் சேர்த்துக்கொள்ளலாம். ஓய்வுபெற்ற நில அளவையாளர், பொறியியலாளர், மீனவர் சங்கத் தலைவர், மாதர் சங்கத்தினர், பள்ளிவாசல், ஆலய நிர்வாகிகள் ஆகியோரை அழைத்து, வரைபடத்தைச் சுவரில் தொங்கவிட்டு, வட்டாரம் வட்டாரமாகப் பார்க்கலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவு, குறித்த பெறுமதிக்கு மேற்பட்ட கருத்திட்டங்கள் பற்றிய தகவல்களை வேலை தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே வெளியிட வேண்டும் என்கிறது. அதையும் சபையும் மக்களும் பயன்படுத்தலாம்.

சபையின் கருத்து இறுதி முடிவன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதைப் புறக்கணித்து மேலிடம் தன் வழியே செல்லவும் கூடும். ஆயினும் காரணங்களுடன் எழுத்தில் பதியப்பட்ட ஆட்சேபனை பின்னர் நீதிமன்றத்திலும் பாராளுமன்றத்திலும் சான்றாகப் பயன்படும். 'தெரிவிக்கப்பட்டது, அங்கீகரிக்கப்பட்டது' என்ற ஒற்றை வரிக் கூட்டறிக்கை எவருக்கும் உதவாது.

சபைகள் தங்களையும் கேட்டுக்கொள்ள வேண்டிய ஒரு கேள்வி உண்டு. உறுப்பினர்களுள் காணி உடையோரும் கட்டட ஒப்பந்தக்காரரும் இருக்கலாம். நலன் முரண்படும் இடத்தில் அவர்கள் அதை வெளிப்படுத்தி ஒதுங்கி நிற்பது கௌரவமான செயல். அதனினும் கடினமானது இன எல்லை பற்றிய சிந்தனை. கிழக்கில் தமிழ்க் கிராமத்தையும் முஸ்லிம் கிராமத்தையும் பிரிப்பது பல இடங்களில் ஒரு வீதி மட்டுமே. ஒரு பக்கத்தில் வடிகானை அடைத்தால் மறுபக்கத்து முற்றத்தில் வெள்ளம் நிற்கும். நகலைக் கையிலெடுத்ததும் 'எங்கள் பக்கத்துக்கு என்ன, அவர்கள் பக்கத்துக்கு என்ன' என்று மட்டும் தேடும் சபை, இரு பக்கத்தையும் பாதிக்கும் பிழையைக் காணாமல் விட்டுவிடும். கடற்கோளின்போது கரையோரத்தில் இரு சமூகங்களும் ஒருவர் வீட்டில் மற்றவர் தஞ்சம் புகுந்ததை நினைவிற்கொள்வோர், திட்ட மேசையிலும் ஒன்றாக அமர்வது இயலாததன்று என்பதை அறிவர்.

வீடு என்பது நம் மக்களுக்கு ஒரு தலைமுறையின் உழைப்பு. வெளிநாட்டில் பணியாற்றி அனுப்பிய பணமும், தாயின் நகையும், வங்கிக் கடனும் சேர்ந்து எழும் சுவர்கள் அவை. அச்சுவர்களின் எதிர்காலத்தை எழுதும் ஆவணம் சபையின் மேசைக்கு வரும் நாளில், அதைத் திறந்து வாசிக்கும் பொறுமையும், விளங்காததைக் கேட்கும் துணிவும் உறுப்பினர்களுக்கு வேண்டும். அவர்கள் வாசித்தார்களா என்று கேட்கும் உரிமை வாக்களித்த மக்களுக்கு உண்டு. அந்த உரிமையை மக்கள் பயன்படுத்த வேண்டிய காலம், வர்த்தமானி அச்சாவதற்கு முன்னரேயாகும்.